ஐக்கிய அமெரிக்காவில் காடுபுகுந்த பன்றிகள்

காடுபுகுந்த பன்றிகள் என்பன மனிதரின் வளர்ப்பிலிருந்து தப்பியோ, கைவிடப்பட்டோ, காட்டில் தாமாகவே வாழப் பழகிய வளர்ப்புப் பன்றிகளும் அவற்றின் வழித்தோன்றல்களும் ஆகும். இவை ஐரோவாசியக் காட்டுப்பன்றியுடன் கலந்து தோன்றிய கலப்பினங்களும் இப்பெயராலேயே குறிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் இவற்றை ஃபெரல் ஹாக், ஃபெரல் சுவைன், காட்டுப்பன்றி எனப் பலவாறாக அழைப்பர். வளர்ப்புப் பன்றியும் காட்டுப்பன்றியும் சூசு சிக்ரோபா என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதால் இவை தடையின்றி இனக்கலப்புச் செய்கின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் இப்பன்றிகள் ஆக்கிரமிப்பு இனமாகக் கருதப்படுகின்றன. அந்நாட்டு வேளாண்மைத் துறையின் மதிப்பீட்டின்படி குறைந்தது 35 மாநிலங்களில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் உள்ளன. பயிரழிவு, கால்நடை இழப்பு, நோய்ப்பரவல், நீர்நிலை மாசு, அருகிய உயிரினங்களின் அழிவு, சாலை விபத்துகள் எனப் பலவகைச் சிக்கல்களுக்கு இவை காரணமாகின்றன. டெக்சாசு மாநிலத்திலேயே இவை மிகுதியாகக் காணப்படுகின்றன. அம்மாநிலத்தின் 254 மாவட்டங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இவை பரவியுள்ளன.

இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் காட்டுப்பன்றி அந்நிலங்களுக்கே உரிய விலங்கு. புலி, சிறுத்தை ஆகியவற்றின் இரை என்ற வகையில் அதற்குக் காட்டில் ஓர் இடம் உண்டு. அது வயல்களில் செய்யும் சேதம் அமெரிக்கப் பன்றிகள் செய்வதை ஒத்திருந்தாலும் இரண்டும் ஒரே சிக்கல் அல்ல. அமெரிக்கக் கண்டங்களில் மனிதர் கொண்டுவரும் வரை பன்றி இருந்ததில்லை. தென்மேற்கு மாநிலங்களில் வாழும் கழுத்துப்பட்டைப் பெக்கரி பன்றியைப் போலத் தோன்றினாலும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த உள்நாட்டு விலங்காகும்.

வரலாறு

கொலம்பசு 1493 ஆம் ஆண்டில் தமது இரண்டாம் பயணத்தின்போது கரிபியன் தீவுகளுக்குப் பன்றிகளைக் கொண்டுசென்றார். அமெரிக்கப் பெருநிலத்தின் தென்கிழக்குப் பகுதிக்கு இவை வந்ததை 1539 இல் புளோரிடாவில் கரையிறங்கிய எசுப்பானியர் எர்னாண்டோ டி சோட்டோவின் படையெடுப்புடன் தொடர்புபடுத்துவர். நடமாடும் உணவுக் கிடங்காகப் பன்றிக் கூட்டமொன்றை அவர் தம்முடன் ஓட்டிச் சென்றார். 1542 இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அவர் இறந்தபோது அக்கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தது. வழியில் தப்பியவையும், தொல்குடிகளுக்குக் கொடுக்கப்பட்டவையும் காட்டில் தங்கின.

பின்னர் வந்த குடியேறிகள் பன்றிகளைப் பட்டியில் அடைத்து வளர்க்கவில்லை. காதில் வெட்டு அடையாளம் இட்டுக் காட்டில் மேயவிட்டு, இலையுதிர் காலத்தில் ஓக் மரக் கொட்டைகளைத் தின்று கொழுத்த பின் பிடித்து இறைச்சியாக்கினர். தென் மாநிலங்களில் இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. வேலியிடுதலைக் கட்டாயமாக்கிய சட்டங்கள் வந்தபோது பிடிபடாமல் போனவை ஏராளம். முதுகெலும்பு துருத்திய இந்த ஒல்லியான பன்றிகளுக்கு ரேசர்பேக் என்று பெயர். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகள் இன்றும் இப்பெயராலேயே அறியப்படுகின்றன.

இரண்டாவது கட்டம் வேட்டை விரும்பிகளால் நேர்ந்தது. 1890களில் நியூ ஆம்சயர் மாநிலத்தின் தனியார் வேட்டைப் பூங்கா ஒன்றிற்கு ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் கொண்டுவரப்பட்டன. 1912 இல் வட கரொலைனாவின் ஊப்பர் பால்டு என்னும் மலையுச்சியில் அமைந்த வேட்டைக் காப்பகத்திலும் இவை விடப்பட்டன. அங்கிருந்து தப்பியவை ஊர்ப்பன்றிகளுடன் கலந்து, 1940களின் இறுதியில் பெரும் புகைமலைத் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தன. டெக்சாசிலும் 1930களில் இவ்வாறே காட்டுப்பன்றிகள் விடப்பட்டன. இவ்வினக் கலப்பினால் நீண்ட மூஞ்சியும் அடர்ந்த மயிரும் கொண்ட பன்றிகள் தோன்றின.

1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 17 மாநிலங்களில் மட்டுமே இருந்த பன்றிகள் முப்பது ஆண்டுகளில் அதைப்போல் இரு மடங்கு மாநிலங்களுக்குப் பரவின. பன்றிகள் நடந்தே சென்று இவ்வளவு விரைவாகப் பரவியிருக்க முடியாது. நிலப்படத்தில் புதிய இடங்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றித் திட்டுத்திட்டாகத் தோன்றியமை, வேட்டைக்காக மனிதர்களே இவற்றை வண்டிகளில் ஏற்றிச் சென்று சட்டவிரோதமாக விட்டனர் என்பதைக் காட்டுகிறது.

உயிரியல்

வளர்ந்த பன்றிகள் பெரும்பாலும் 35 முதல் 110 கிலோகிராம் வரை எடை கொண்டவை. இதற்கு மேற்பட்ட எடை பற்றிய கதைகள் பல உண்டு. 2004 இல் சார்சியா மாநிலத்தில் சுடப்பட்ட, ஊடகங்கள் ஆக்சில்லா எனப் பெயரிட்ட பன்றி 12 அடி நீளமும் 1000 பவுண்டு எடையும் கொண்டது எனப்பட்டது. அதன் உடலைத் தோண்டியெடுத்துச் சோதித்த வல்லுநர்கள், அது சுமார் 8 அடி நீளமும் 800 பவுண்டு எடையும் கொண்ட, வளர்ப்புப் பன்றிக் கலப்புள்ள விலங்கு என்று மதிப்பிட்டனர்.

பெண் பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாக வாழ்கின்றன. ஒரு கூட்டத்துப் பெண்கள் பெரும்பாலும் தாய், மகள், உடன்பிறந்தவை என உறவு கொண்டவை. வளர்ந்த ஆண் பன்றிகள் தனித்துத் திரிகின்றன. ஆண் பன்றியின் தோளில் தடித்த கேடயம் போன்ற திசு அமைந்துள்ளது. பிற ஆண்களுடன் மோதும்போது கோரைப்பற்களின் வெட்டிலிருந்து இது காக்கிறது.

இவற்றின் பெருக்கமே சிக்கலின் வேர். பெண் பன்றி ஆறு முதல் எட்டு மாதங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். கருக்காலம் சுமார் 115 நாட்கள் மட்டுமே. ஓர் ஈற்றில் சராசரியாக நான்கு முதல் ஆறு குட்டிகள் பிறக்கின்றன. உணவு தாராளமாக உள்ள ஆண்டுகளில் இருமுறை ஈனுவதும் உண்டு. நரியினமான கயோட்டி, முதலை ஆகியன குட்டிகளைப் பிடித்தாலும், வளர்ந்த பன்றிக்குப் பெரும்பாலான இடங்களில் மனிதனைத் தவிர எதிரி இல்லை. புளோரிடாவின் அருகிவரும் மலைச்சிங்கம் இதற்கு விதிவிலக்கு. அவ்விலங்கின் முக்கிய இரைகளுள் பன்றியும் ஒன்று.

பன்றி அனைத்துண்ணி. வேர், கிழங்கு, கொட்டை, தானியம், புழு, தவளை, முட்டை, பிறந்த ஆட்டுக்குட்டி, செத்த விலங்கு என எதையும் தின்னும். உடலைக் குளிர்விக்கப் போதிய வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால் வெப்பக் காலத்தில் சேற்றை நாடுகிறது. மோப்ப ஆற்றலும் நினைவாற்றலும் மிகுந்தது. ஒரு முறை பொறியில் சிக்கித் தப்பிய பன்றியை அதே வகைப் பொறியில் மீண்டும் பிடிப்பது கடினம்.

வேளாண்மைக்கு ஏற்படும் இழப்பு

பன்றிகள் தின்பதைவிட அவை கிளறிப் பாழாக்குவதே அதிகம். மூஞ்சியால் மண்ணைப் புரட்டி உணவு தேடும் இவ்வழக்கத்தால் ஒரே இரவில் ஒரு வயல் உழுதது போல் ஆகிவிடும். மக்காச்சோளம், நெல், நிலக்கடலை, சோளம், கோதுமை, சோயா அவரை ஆகியன மிகுதியாகப் பாதிக்கப்படும் பயிர்கள். மக்காச்சோளம் விதைத்த இரவுகளில் இவை விதை வரிசையைக் கண்டுபிடித்து, அவ்வரிசை வழியே நடந்து ஒவ்வொரு விதையாகத் தோண்டித் தின்கின்றன. காலையில் வரும் உழவர் மறுபடியும் விதைக்க வேண்டும். அதற்குள் பருவம் தவறினால் அவ்வாண்டு விளைச்சல் குறையும். நெல் வயல்களில் வரப்புகள் உடைபட்டு நீர் வடிந்துவிடுகிறது. வைக்கோற்புல் வயல்களில் ஏற்படும் குழிகள் அறுவடை இயந்திரங்களை உடைக்கின்றன. இவ்வகைச் செலவுகள் பயிர்ச்சேதக் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை.

ஆட்டுப் பண்ணைகளில் பிறந்த குட்டிகளைப் பன்றிகள் கொன்று முழுவதுமாகத் தின்றுவிடுகின்றன. தடயம் மிஞ்சாததால் இழப்புக்குக் காரணம் கயோட்டியா, பன்றியா, திருட்டா என உரிமையாளருக்குத் தெரியாமலே போவதுண்டு.

இழப்பின் மொத்த மதிப்பைக் கூறும் எண்களைக் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும். டேவிட் பிமென்டெல் என்னும் சூழலியலாளர் 2000களில் வெளியிட்ட, ஆண்டுக்கு 80 கோடி டாலர், பின்னர் 150 கோடி டாலர் என்னும் மதிப்பீடுகள் நெடுங்காலம் எடுத்தாளப்பட்டன. ஒரு பன்றி ஆண்டுக்கு இத்தனை டாலர் சேதம் விளைவிக்கும் என ஒரு தொகையைக் கொண்டு அதை உத்தேச எண்ணிக்கையால் பெருக்கி இவை பெறப்பட்டன. வயலில் அளந்தவை அல்ல. பதினொரு மாநிலங்களில் உழவர்களிடம் நடத்தி 2016 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஆறு பயிர்களுக்கு மட்டும் 2014 ஆம் ஆண்டில் சுமார் 19 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டதாகக் கண்டது. வேளாண்மைத் துறை பின்னர் மேற்கோள் காட்டிய ஆண்டுக்கு 250 கோடி டாலர் என்னும் தொகை இதைவிட விரிந்த கணக்காகும். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அவ்விழப்பு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. ஆற்றோரத்தில் நிலம் வைத்திருக்கும் சிறு உழவர் ஒருவர் தமது முழு விளைச்சலையும் இழக்க, பக்கத்து நிலத்துக்காரருக்கு ஒன்றும் நேராதிருக்கலாம்.

சூழல் தாக்கங்கள்

காட்டின் தரைப்பகுதியைக் கிளறுவதால் இலைச்சருகு கலைந்து, நாற்றுகள் அழிந்து, மண் அரிக்கப்படுகிறது. கிளறிய நிலத்தில் அயல் களைகள் எளிதில் வேரூன்றுகின்றன. ஓக் மரக் கொட்டைகளுக்காக மான், வான்கோழி ஆகியவற்றுடன் பன்றிகள் போட்டியிடுகின்றன. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும், புளோரிடா, சார்சியா கடற்கரைகளில் கடலாமை முட்டைகளையும் தோண்டித் தின்கின்றன. பெரும் புகைமலைத் தேசியப் பூங்காவில் வேறெங்கும் காணப்படாத சிவந்த கன்னச் சலமாண்டர்களும் இவற்றுக்கு இரையாகின்றன. அப்பூங்காவில் 1959 முதலே பன்றிகளை அகற்றும் பணி நடைபெற்று வருகிறது.

மண்ணைப் புரட்டும்போது அதில் அடங்கிய கரிமம் காற்றுடன் சேர்ந்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உலகெங்கும் அயல்நிலங்களில் பரவிய பன்றிகளால் ஆண்டுக்குச் சுமார் 49 இலட்சம் டன் கரியமில வாயு வெளியாகிறது என 2021 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. இது 11 இலட்சம் மகிழுந்துகள் ஓராண்டில் வெளியிடும் அளவுக்குச் சமம்.

சாந்தா குரூசு தீவு

பன்றி ஒன்றையும் நேரடியாகத் தாக்காமலே இன்னொரு உயிரினத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளக்கூடும் என்பதற்கு கலிபோர்னியக் கரையோரத்தில் உள்ள சாந்தா குரூசு தீவு மிகத் தெளிவான சான்றாகும். சுமார் 25,000 எக்டேர் பரப்புள்ள இத்தீவுக்கு 1850களில் பன்றிகள் கொண்டுவரப்பட்டன. அங்கு வாழும் தீவு நரி பூனையளவே ஆன, சுமார் இரண்டு கிலோகிராம் எடையுள்ள விலங்கு. பகலிலும் அச்சமின்றித் திரியும் பழக்கமுடையது. தீவில் அதை வேட்டையாடக்கூடிய விலங்கு எதுவும் இருந்ததில்லை.

இத்தீவுகளில் முன்பு வெண்தலைக் கழுகுகள் வாழ்ந்தன. அவை பெரும்பாலும் மீனையும் கடற்பறவைகளையும் உண்பவை. நரிகளைத் தொடுவதில்லை. ஆனால் தம் எல்லைக்குள் பொன்னிறக் கழுகுகளை அண்டவிடுவதுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டி.டி.டி பூச்சிக்கொல்லி கடலில் கலந்ததால் முட்டையோடு மெலிந்து வெண்தலைக் கழுகுகள் தீவுகளிலிருந்து மறைந்தன. 1990களில் பெருநிலத்திலிருந்து பொன்னிறக் கழுகுகள் வரத் தொடங்கின. ஆண்டு முழுவதும் கிடைத்த பன்றிக்குட்டிகள் அவற்றுக்கு நிலையான உணவாயின. குட்டிகளைத் தேடி வந்து கூடு கட்டித் தங்கிய கழுகுகள் நரிகளையும் பிடித்தன. பன்றி நிறைய ஈனுவதால் இழப்பைத் தாங்கியது. ஆண்டுக்குச் சில குட்டிகளே ஈனும் நரியால் தாங்க இயலவில்லை. 1990களின் நடுவில் ஏறத்தாழ 1,500 ஆக இருந்த நரிகள் சில ஆண்டுகளில் நூற்றுக்கும் கீழே குறைந்தன. பன்றிகள், கழுகுகள், நரிகள் ஆகியவற்றுக்கிடையேயான இத்தொடர்பைக் கேரி ரோமரும் பிறரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர்.

தீர்வும் எளிதாக இருக்கவில்லை. பன்றிகளை மட்டும் அகற்றினால் பசித்த கழுகுகள் எஞ்சிய நரிகள் மீது திரும்பும். பொன்னிறக் கழுகோ சட்டத்தால் காக்கப்படும் பறவை. எனவே தேசியப் பூங்காச் சேவையும் நேச்சர் கன்சர்வன்சி என்னும் அமைப்பும் பல பணிகளை ஒருங்கே செய்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட பொன்னிறக் கழுகுகள் உயிருடன் பிடித்துப் பெருநிலத்தில் விடப்பட்டன. நரிகள் கூண்டுகளில் இனப்பெருக்கம் செய்விக்கப்பட்டன. வெண்தலைக் கழுகுகள் மீண்டும் குடியமர்த்தப்பட்டன. தீவை ஐந்து பகுதிகளாக வேலியிட்டுப் பிரித்து, 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நியூசிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட வேட்டைக் குழுவினர் 5,036 பன்றிகளைக் கொன்றனர். விலங்குரிமை ஆர்வலர்கள் இதைக் கடுமையாக எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றனர். 2016 இல் சாந்தா குரூசு நரி உட்பட மூன்று தீவு நரிச் சிற்றினங்கள் அருகிய உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அப்பட்டியலில் இடம்பெற்ற பாலூட்டிகளுள் இவ்வளவு விரைவாக மீண்டவை வேறில்லை.

அவாய்

அவாய்த் தீவுகளுக்குப் பன்றியை முதலில் கொண்டுவந்தவர்கள் பொலினீசியர். அவை சிறியனவாகவும் ஊரையொட்டி வாழ்ந்தனவாகவும் இருந்தன. 1778 இல் ஜேம்சு குக்கின் வருகைக்குப் பின் வந்த ஐரோப்பியப் பன்றிகளும் மலைக்காடுகளில் பெருகின. இவை மரப்பன்னங்களைச் சாய்த்து, தண்டின் உள்ளிருக்கும் மாச்சத்தைக் குடைந்து தின்கின்றன. தொட்டி போலக் குழிந்து கிடக்கும் தண்டுகளில் மழைநீர் தேங்குகிறது. அந்நீரில் கொசுக்கள் முட்டையிடுகின்றன. கொசுவும் இத்தீவுகளுக்கு உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்களில் வந்தது. கொசுக்கள் பரப்பும் பறவை மலேரியாவுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத உள்நாட்டுத் தேனுண்ணிப் பறவைகள் மடிகின்றன. இதனால் எரிமலைத் தேசியப் பூங்கா முதலிய இடங்களில் பெரும்பரப்புகளை வேலியிட்டுப் பன்றிகள் அகற்றப்பட்டுள்ளன. ஆயினும் பன்றி வேட்டை அவாய் மக்களின் வாழ்விலும் உணவிலும் கலந்த ஒன்று. கமாபுவா என்னும் பன்றி உருவம் கொள்ளும் தேவன் அவர்களது தொன்மங்களில் இடம்பெறுகிறான். எனவே முற்றாக ஒழிப்பதை ஏற்காதவர் அங்கு பலர்.

நோய்கள்

காடுபுகுந்த பன்றிகள் பல வகை நுண்ணுயிரிகளையும் ஒட்டுண்ணிகளையும் தாங்கித் திரிகின்றன. இவற்றுள் மனிதருக்குத் தொற்றுபவை புரூசெல்லா நோய், எலிக்காய்ச்சல், திரிக்கினெல்லா புழுநோய், டாக்சோபிளாசுமா நோய், துலரீமியா முதலியன. புரூசெல்லா பெரும்பாலும் வேட்டையாடியவர் கையுறையின்றி உடலை அறுக்கும்போது தோலிலுள்ள காயங்கள் வழியாக நுழைகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, சோர்வு ஆகியன இதன் அறிகுறிகள். பல மாதங்கள் நீடிக்கக்கூடிய இந்நோய் வேறு காய்ச்சலெனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. கையுறை அணிவதும், இறைச்சியின் உட்பகுதி 71 பாகை செல்சியசு அடையும் வரை சமைப்பதும் அறிவுறுத்தப்படுகின்றன.

2006 இல் கலிபோர்னியாவில் விளைந்த பசலைக் கீரையை உண்டதால் பல மாநிலங்களில் சுமார் 200 பேர் ஈ.கோலை ஓ157:எச்7 என்னும் பாக்டீரியாவால் நோயுற்றனர். மூவர் இறந்தனர். நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட அதே வகைப் பாக்டீரியா, கீரை வயலுக்கு அருகிலிருந்த பண்ணையின் மாட்டுச் சாணத்திலும், ஆற்று நீரிலும், காட்டுப்பன்றியின் எச்சத்திலும் இருந்தது. கிருமி எவ்வழியாகக் கீரையை அடைந்தது என்பது இறுதியாக நிறுவப்படவில்லை. எனினும் இந்நிகழ்வுக்குப் பின் கீரை பயிரிடுவோர் வயல்களைச் சுற்றி விலங்குகளின் தடம் உள்ளதா எனப் பார்ப்பது கட்டாயமாகியது.

வீட்டுப் பன்றிகளுக்கான அச்சுறுத்தல் வேறு வகைப்பட்டது. போலி வெறிநோய் எனப்படும் தீநுண்ம நோய் 2004 இல் அமெரிக்க வணிகப் பண்ணைகளிலிருந்து ஒழிக்கப்பட்டது. ஆனால் காட்டிலுள்ள பன்றிகளிடையே அது நீடிக்கிறது. வேட்டை நாய்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் இறப்பே முடிவு. இதைவிடப் பெரிய அச்சம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றியது. மனிதருக்குத் தொற்றாத, ஆனால் பன்றிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் இந்நோய் 2007 இல் காக்கேசியப் பகுதியின் சியார்சியா நாட்டை அடைந்து, ஐரோப்பாவின் காட்டுப்பன்றிகள் வழியாகப் பரவி, 2018 இல் சீனாவிலும், 2021 இல் தொமினிக்கன் குடியரசு, எயிட்டி ஆகிய நாடுகளிலும் தோன்றியது. அமெரிக்கப் பெருநிலத்துக்குள் வந்து காடுபுகுந்த பன்றிகளிடம் தொற்றிவிட்டால் அதை ஒழிப்பது மிகக் கடினம் என்பதே கால்நடை மருத்துவர்களின் கவலை. 1929 க்குப் பின் அமெரிக்காவில் காணப்படாத கோமாரி நோய்க்கும் இது பொருந்தும்.

மனிதருக்கு நேரடி ஆபத்து

பன்றி பொதுவாக மனிதரைக் கண்டால் ஓடிவிடும். காயம்பட்டதும், நாய்களால் வளைக்கப்பட்டதும், குட்டிகளுடன் உள்ளதும் தாக்கலாம். அமெரிக்காவில் உயிரிழப்பு மிக அரிது. 2019 நவம்பரில் டெக்சாசின் அனவாக்கு ஊருக்கு அருகே, முதியோர் இல்லமொன்றல்ல, ஒரு வீட்டில் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் பணிக்காக விடியுமுன் வந்த பெண் ஒருவர் வீட்டு முற்றத்தில் பன்றிகளால் தாக்கப்பட்டு இறந்தார். அதே ஆண்டு ஆகத்து மாதத்தில், தம் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குள் சில நிமிடங்களில் ஓடிவரும் 30 முதல் 50 பன்றிகளை எப்படிக் கொல்வது என ஆர்கன்சா மாநிலத்தவர் ஒருவர் துவிட்டரில் கேட்ட கேள்வி உலகெங்கும் நகைப்புக்குள்ளாகியது. நகரவாசிகளுக்கு வேடிக்கையாகத் தோன்றிய அவ்வெண்ணிக்கை தென் மாநிலச் சிற்றூர்களில் புதிதன்று.

சாலை விபத்துகளே அன்றாட ஆபத்து. பன்றியின் உடல் கருமையானது, தாழ்வானது. மானின் கண்களைப் போல அதன் கண்கள் விளக்கொளியில் மிளிர்வதில்லை. ஆகவே இரவில் ஓட்டுநருக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். 1988 இல் புளோரிடாவின் சாக்சன்வில் விமான நிலையத்தில் ஓர் எஃப்-16 போர் விமானம் ஓடுபாதையில் பன்றிகள் மீது மோதி அழிந்தது. விமானி வெளியேறி உயிர் தப்பினார்.

கட்டுப்பாடு

பன்றிகளின் எண்ணிக்கை பெருகாமல் நிறுத்திவைக்கவே ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை அகற்ற வேண்டும் என மதிப்பிடப்படுகிறது. வேட்டையால் மட்டும் இவ்வளவை எட்ட முடிவதில்லை. கூட்டத்தில் ஒன்றிரண்டைச் சுட்டால் எஞ்சியவை சிதறி, புதிய இடங்களுக்குச் சென்று, இரவில் மட்டும் நடமாடப் பழகிவிடுகின்றன.

டென்னசி மாநிலத்தின் பட்டறிவு இதில் குறிப்பிடத்தக்கது. 1999 இல் அம்மாநிலம் பன்றிகளைக் குறைக்கும் நோக்குடன் வரம்பற்ற வேட்டைக்கு மாநிலம் முழுவதும் இடமளித்தது. நேர்ந்ததோ எதிர்மாறு. வேட்டையில் நாட்டம் கொண்டோர் பன்றி இல்லாத இடங்களுக்கும் அவற்றைக் கொண்டுசென்று விட்டனர். 2011 இல் அம்மாநிலம் கொள்கையை மாற்றி, பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்து நீக்கி அழிவு விளைவிக்கும் விலங்காக அறிவித்தது. கேன்சசு மாநிலம் 2006 இலேயே பன்றி வேட்டையை விளையாட்டாக நடத்துவதைத் தடை செய்திருந்தது. மிசூரி மாநிலமும் தன் காப்பு நிலங்களில் வேட்டையைத் தடுத்துப் பொறி வைப்பதை முதன்மையாக்கியது.

டெக்சாசு வேறு வழியில் சென்றது. 2011 இல் இயற்றப்பட்ட சட்டம், நில உரிமையாளரின் இசைவுடன் உலங்கு வானூர்தியிலிருந்து பன்றிகளைச் சுடுவதைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. 2017 இல் வெப்பக்காற்றுப் பலூன்களிலிருந்து சுடுவதும் அனுமதிக்கப்பட்டது. 2019 முதல் தனியார் நிலத்தில் பன்றியைச் சுட வேட்டை உரிமம் தேவையில்லை. இதைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்துள்ளது. கட்டணம் செலுத்தி வானிலிருந்து சுட வருவோரும், நிலத்தை வேட்டைக்குக் குத்தகை விடுவோரும், உயிருடன் பிடித்த பன்றிகளை இறைச்சிக்கூடங்களுக்கு விற்போரும் உள்ளனர். பன்றி முற்றாக ஒழிவதால் இவர்களுக்கு நன்மை இல்லை என்பது கட்டுப்பாட்டுப் பணியின் தீராத முரண்.

பெரிய பட்டிப்பொறிகளே மிகுந்த பயன் தருவதாகக் கருதப்படுகின்றன. பல நாட்கள் தானியம் இட்டுப் பழக்கி, முழுக்கூட்டமும் உள்ளே வந்ததை நிழற்படக் கருவி வழியாகக் கைப்பேசியில் பார்த்த பின்பே வாயில் மூடப்படுகிறது. அவசரப்பட்டு மூடினால் வெளியே நின்றவை பாடம் கற்றுக்கொள்ளும். எஞ்சிய சிலவற்றைக் கண்டுபிடிக்க, ஒரு பன்றியின் கழுத்தில் வானொலிப் பட்டை மாட்டி விடுவதும் உண்டு. அது தன் இனத்தைத் தேடிச் சென்று காட்டிக்கொடுப்பதால் இதை யூதாசுப் பன்றி என்பர்.

நஞ்சு குறித்துப் பெரும் விவாதம் நடந்துள்ளது. வார்ஃபரின் கலந்த உணவு 2017 தொடக்கத்தில் நடுவண் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பதிவைப் பெற்றது. டெக்சாசு வேளாண் ஆணையர் சிட் மில்லர் அதை ஆதரித்தார். இறைச்சி வணிகர்களும் வேட்டையாடுவோரும் எதிர்த்து வழக்குத் தொடரவே, தயாரிப்பாளர் அம்மாநிலத்திலிருந்து சில மாதங்களில் பின்வாங்கினார். 2024 இல் டெக்சாசு மீண்டும் இதற்கு அனுமதியளித்தது. குருதியின் ஆக்சிசன் ஏற்கும் திறனைக் கெடுக்கும் சோடியம் நைட்ரைட்டும் ஆய்வில் உள்ளது. பன்றிகள் சிந்திய நஞ்சுணவைக் கொத்திப் பறவைகள் இறந்தமை அதன் சோதனைகளில் எழுந்த முதன்மைச் சிக்கலாகும்.

வேளாண்மைத் துறை 2014 இல் 2 கோடி டாலர் ஒதுக்கீட்டுடன் தேசியத் திட்டமொன்றைத் தொடங்கியது. 2018 ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் முன்னோடி ஒழிப்புத் திட்டங்களுக்கு மேலும் 7.5 கோடி டாலரை ஒதுக்கியது. பன்றிகள் குறைவாக உள்ள வட மாநிலங்களில் முற்றாக ஒழிப்பதும், மிகுந்துள்ள தென் மாநிலங்களில் சேதத்தைக் குறைப்பதுமே இத்திட்டத்தின் அணுகுமுறை. நியூயார்க் மாநிலம் 2016 இல் பன்றிகள் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தது. அங்கும் வேட்டை தடை செய்யப்பட்டு, பொறி வைப்பதே முறையாகக் கொள்ளப்பட்டது.

கனடா எல்லை

வடக்கே கனடாவின் புல்வெளி மாநிலங்களில் 1980களிலும் 1990களிலும் இறைச்சிக்காகக் காட்டுப்பன்றிப் பண்ணைகள் ஊக்குவிக்கப்பட்டன. 2000களின் தொடக்கத்தில் சந்தை சரிந்ததும் சில உரிமையாளர்கள் வேலியைத் திறந்துவிட்டனர். கடுங்குளிரைப் பன்றி தாங்காது என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. கோரைப்புல்லையும் பனியையும் குவித்துக் குடில் போன்ற பள்ளங்களை அமைத்து இவை பனிக்காலத்தைக் கழிக்கின்றன. உடல் பெரிதாக இருப்பதும் வெப்பத்தைக் காக்க உதவுகிறது. சசுக்காச்சுவான், மானிட்டோபா, ஆல்பர்ட்டா ஆகிய மாநிலங்களில் இவை பரவியுள்ளன. எல்லைக்கு இப்பால் உள்ள மொன்டானா மாநிலம், பன்றியைக் கண்டால் உடனே தெரிவிக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டுள்ளதுடன், அவற்றைக் கொண்டுவருவதையும் வேட்டையாடுவதையும் சட்டத்தால் தடுத்துள்ளது.